கீழே வைக்காத கோப்பை

இந்தியாவிலிருந்து சமாதானக் குழுவை ஏற்றி வந்த கப்பல் ஜித்தாவுக்கு வெளியே நங்கூரம் போட்ட அன்று, தல்ஹா குளித்து முழுகி, சலவை ஜுப்பா போட்டு, காதுமடலில் அத்தர் தடவிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி துறைமேடையில் போய் நின்றான். அத்தரையாவது மிச்சம் பிடித்திருக்கலாம்.

வட இந்திய ஹாஜிகள் என்றால் தல்ஹா வீடுதான். அவன் அப்பா காலத்திலிருந்தே அப்படி. படகிலிருந்து இறங்குகிறவர்களைத் துறை அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: உங்கள் முஅல்லிம் யார்? யாத்ரீகர் வாயிலிருந்து எந்தப் பெயர் வருகிறதோ, அவர் மறுபடி கப்பல் ஏறும்வரை சோறு, படுக்கை, ஒட்டகம் எல்லாம் அந்தப் பெயர்க்காரன் பொறுப்பு. இதில் போட்டி கிடையாது, பஞ்சாயத்து கிடையாது.

இந்த வருஷம் யார் வாயிலும் யார் பெயரும் வரவில்லை. நஜ்து சுல்தானின் படை மக்காவைப் பிடித்துவிட்டு, ஜித்தாவைச் சுற்றிக் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தது. ஜித்தாவை இன்னும் கையில் வைத்திருந்த மன்னர் ஊருக்குள்ளே, முள்கம்பிக்கு இந்தப் பக்கம். ஹாஜிகள் வேறு துறைகளில் இறங்கிக்கொண்டார்கள். தல்ஹாவின் நாலு மாடி வீட்டில் சுருட்டி வைத்த பாய்களைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், இரண்டு தரப்பையும் பார்த்துப் பேசிப் புனித நகரங்களில் ரத்தம் சிந்தாமல் காக்கப்போவதாக இந்தியாவிலிருந்து ஒரு குழு வருகிறது என்று பேச்சு அடிபட்டது. இந்தியர்கள்தானே? அப்படியானால் அவர்கள் தன் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்பதில் தல்ஹாவுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

குழுவின் தலைவர் லக்னோவைச் சேர்ந்த மௌலவி இனாயத் ரஸூல். ஒல்லியான மனிதர், பெரிய தலைப்பாகை, புத்தகத்தில் படித்த அரபி. துறை அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். மௌலவி நிமிர்ந்து நின்றார்.

"நாங்கள் ஹஜ்ஜுக்கு வரவில்லை. சமாதானம் பேச வந்திருக்கிறோம். ஆகவே எங்களுக்கு முஅல்லிம் யாரும் இல்லை."

அதிகாரி தாடியைச் சொறிந்தார். இப்படி ஒரு பதிலை அவர் சர்வீஸிலேயே கேட்டதில்லை. தல்ஹா வாயைத் திறப்பதற்குள், பின்னால் தானிய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த முஹ்ஸின் சாவகாசமாக முன்னால் வந்தான்.

"முஅல்லிம் இல்லைன்னா இவங்க ஹாஜி இல்ல, விருந்தாளி. விருந்தாளி யார் வீட்டுக்கும் வரலாம். என் வீடு இதோ, பத்தடி."

சுமைகூலிகள் பெட்டிகளைத் தூக்கிவிட்டார்கள். தன் தொழிலின் சட்டத்தாலேயே தன் மூக்கை அறுத்துவிட்டான் பாவி என்று தல்ஹாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. வேறு யாராவது கூட்டிப் போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். முஹ்ஸின் கூட்டிப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முஹ்ஸின் வேறு யாருமில்லை, தல்ஹாவின் மனைவி பஹீஜாவுக்குப் பெரியப்பா மகன். அந்த ஊரில் பெரியப்பா மகன்தான் முறைமாப்பிள்ளை. அவன் வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுக்க முடியாது. அதனால் தல்ஹாவின் அப்பா ஒருநாள் முஹ்ஸினின் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, கொடுத்த கஹ்வாக் காப்பியைக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். கேட்க வந்தவன் அப்படித்தான் வைப்பான். வீட்டுக்காரன் சரி என்று சொல்லிக் குடிக்கச் சொன்னால்தான் எடுப்பான். அதுவரை சபையில் வேறு ஒருவரும் கோப்பையில் வாய் வைக்க மாட்டார்கள். முஹ்ஸினுக்கு அப்போது மீசைகூடச் சரியாக வரவில்லை. கோப்பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடிங்க சாச்சா. பஹீஜா உங்க வீட்டுக்குத்தான்" என்றான்.

என்ன பெருந்தன்மை, என்ன பெருந்தன்மை என்று ஊர் அன்றைக்குப் பாடத் தொடங்கிய பாட்டை இன்னும் நிறுத்தவில்லை. பெருநாளைக்குப் பெருநாள் எவனாவது ஒருவன் தல்ஹாவின் காதுபடவே அந்தக் கதையை எடுப்பான். தன் மனைவியைத் தான் கட்டிக்கொண்டதாக ஊரில் யாரும் சொல்லி தல்ஹா கேட்டதில்லை. முஹ்ஸின் கொடுத்ததாகத்தான் சொல்வார்கள். போதாததற்கு முஹ்ஸின் இன்னும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதற்கு ஊர் ஆயிரம் காரணம் சொன்னது. தல்ஹாவுக்குத் தெரிந்தது ஒரே காரணம்.

சண்டை தொடங்குமுன் பஹீஜா பிரசவத்துக்காக மக்காவில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறப்பதற்குள் மக்கா கைமாறி, பாதை அடைபட்டுவிட்டது. பெண் குழந்தை பிறந்த செய்தியையே தல்ஹா காற்றுவாக்கில்தான் கேட்டான். கப்பல் வருவதற்குச் சற்று முன்னால், இரு படைகளுக்கும் நடுவே உயிரைப் பணயம் வைத்து நடந்து வந்த ஒரு சூடானியக் கிழவர் அவன் வாசலில் நின்று இன்னொரு செய்தி சொன்னார். பஹீஜாவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். பால் வற்றிவிட்டது. குழந்தைக்குப் பேரீச்சம்பழத்தைக் கரைத்துக் கொடுக்கிறார்கள், அதுவும் கிடைக்கிற அன்றைக்கு. சீக்கிரம் ஏதாவது பண்ணு தம்பி என்றார் கிழவர். தல்ஹா அன்று முழுக்க வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளை மறந்தவன் என்று மட்டும் அவனைச் சொல்லிவிட முடியாது.

குழு மன்னரைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்கொடி கட்டிய மோட்டார் வண்டிகளில் சுல்தானைப் பார்க்க மக்காவுக்குப் போகும் என்று முடிவாயிற்று. திரும்பும்போது அங்கே மாட்டிக்கொண்ட பெண்டு பிள்ளைகள் சிலரை ஏற்றி வர சுல்தானின் ஆட்கள் சம்மதித்துவிட்டார்கள். வண்டியில் இடம் கொஞ்சம்தான். யாரை ஏற்றுவது என்பதை மௌலவி, தாம் தங்கிய வீட்டுக்காரன் முஹ்ஸின் பொறுப்பில் விட்டுவிட்டார். வந்தவருக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? ஆக, ஜித்தாவில் மனைவியையோ தாயையோ மீட்க வேண்டிய ஒவ்வொருவனும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் முஹ்ஸினின் கூடத்துக்குப் போய்க் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

தல்ஹாவும் போனான். வைக்கத்தான் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

கூடம் நிறைந்திருந்தது. ஏலக்காய் மணம் தெருமுனைக்கே வந்தது. ஊரே புழுத்த அரிசிக்கு அலையும்போது இவனுக்கு மட்டும் ஏலக்காய் எங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டே தல்ஹா உட்கார்ந்தான். கஹ்வா வாங்குவதில் அவனுக்கு முன்னால் மௌலவியின் முறை. சர்க்கரை போடாத கஹ்வாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மௌலவி கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். அவருக்குக் கசப்பு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். கூடத்தில் தூக்கிய கோப்பைகள் தூக்கியபடியே நின்றன. முஹ்ஸின் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டான். பக்கத்திலிருந்தவர் காதில் ஓதிய பிறகுதான் மௌலவிக்கு விஷயம் புரிந்தது. சிரித்துவிட்டார். ஆனாலும் விவரமான ஆள்.

"இரண்டு அரசர்களுக்கும் இடையே சமாதானம் வேண்டும்" என்றார்.

"அது என் வீட்டுல இல்லையே மௌலானா. இருக்கிறதைக் கேளுங்க."

"அப்படியானால் கொஞ்சம் சர்க்கரை வேண்டும்."

கூடம் அதிரச் சிரித்தார்கள். கிழவர்கள் முஹ்ஸினின் தோளைத் தட்டினார்கள். தல்ஹாவும் சிரித்து வைத்தான். உள்ளுக்குள் அடுப்பில் விழுந்தவன் மாதிரி இருந்தது அவனுக்கு. அந்த நேரம் பார்த்து முஹ்ஸின் கஹ்வாவை ஊற்றி அவனிடம் நீட்டினான். நீட்டிவிட்டு நகரவில்லை. காத்திருந்தான். அவனுக்குத் தெரியும். பஹீஜாவின் காய்ச்சல் தெரியும், பேரீச்சம்பழக் கரைசல் தெரியும், தல்ஹா எதற்கு வந்தான் என்பதும் தெரியும். வை மச்சான், நான் தந்துவிடுகிறேன் என்று அவன் கண் சொன்னது. அந்தக் கண்ணில் இருந்த இரக்கம்தான் கெடுத்தது. கேலி இருந்திருந்தால் தல்ஹா வைத்திருப்பான்.

ஒரே மனைவியை ஒரே கையிலிருந்து இரண்டு தடவை வாங்குவதா? அப்புறம் ஊர் பாட்டுக்கு இரண்டாவது சரணமும் கிடைத்துவிடும். தல்ஹா கோப்பையை வாயில் கவிழ்த்துக்கொண்டான். முஹ்ஸின் மறுபடி ஊற்றினான். அதையும் குடித்தான். மூன்றாவதையும் குடித்துவிட்டு, போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்தான். நாக்கு பொத்துப் போனது. வெளியே வந்து முள்கம்பிவரை நடந்தான். கிழக்கே மக்கா போகும் பாதையில் ஒரு நாய்கூட இல்லை. தான் செய்தது என்னவென்று அவனுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் பிரிட்டிஷ் கன்சல் வீட்டுக்குப் போனான். முஹ்ஸினைக் கேட்பதைவிட வெள்ளைக்காரனைக் கேட்கலாம், அவமானம் கம்மி என்று கணக்குப் போட்டான். தல்ஹாவின் பாட்டனார் டில்லிக்காரர், பிரிட்டிஷ் பிரஜை என்கிற உரிமையும் இருந்தது. ஜித்தாவில் அப்போது கன்சல்கள் எல்லாரும் நடுநிலை. நடுநிலை என்றால் இரண்டு கூடாரத்து விருந்தையும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பக்கத்துச் சமையலையும் தங்கள் ராஜாவுக்கு எழுதுவது. இந்த கன்சல் மரியாதைக்காரர், வெயிலில் வெந்து சிவந்த முகம். பால் ஊற்றிய தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

தல்ஹா கோப்பையை வாங்கினான். முதல் நாள் வைக்காத கோப்பையையும் சேர்த்து வைப்பவன்போல, கன்சலின் முன்னால் மேசைமேல் பக்குவமாக வைத்துவிட்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தான்.

கன்சல் கோப்பையைப் பார்த்தார். தல்ஹாவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பஞ்சாபி முன்ஷியிடம் ஏதோ சொன்னார்.

"சர்க்கரை பத்தலையான்னு துரை கேக்கிறார்" என்றார் முன்ஷி.

தல்ஹா கோப்பையைத் தொடவில்லை. கோப்பை போய் எலுமிச்சைச் சாறு வந்தது. அதையும் வைத்தான். கன்சலுக்குக் கவலை வந்துவிட்டது. வயிறு சரியில்லை போலிருக்கிறது, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று விசாரித்தார். முன்ஷிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குனிந்து, துரைக்கு நம்ம பழக்கம் தெரியாது, வாயைத் திறந்து கேளுங்க என்று கிசுகிசுத்தார்.

தல்ஹா கேட்டான். கேட்டுக்கொண்டிருந்த கன்சல் உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, புனித நகரங்கள் விவகாரத்தில் தம் அரசாங்கம் தலையிடுவதில்லை, குழு தன் பொறுப்பில் வந்தது, தன் பொறுப்பில் போகிறது, அதன் வண்டியில் ஒரு பெண்ணை ஏற்றச் சொல்வதும் தலையிட்டதாகத்தான் ஆகும் என்றார். அப்புறம் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, குழு தங்கியிருக்கும் வீட்டில் சாயங்காலம் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். முன்ஷி பேனாவை எடுத்துக்கொண்டார்.

மடை திறந்துவிட்டது. முஹ்ஸின் விரித்திருக்கும் கம்பளம் இரவல். ஏலக்காய் பழசு, மணத்துக்கு வேறு என்னமோ போடுகிறான். மௌலவியைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டு, தான்தான் மன்னர் மாதிரி மிதப்பில் இருக்கிறான். கஹ்வா ஊற்றும்போது வேண்டுமென்றே கையை உயரத் தூக்குகிறான், ஒரு சொட்டு சிந்துவதில்லை என்று காட்ட. சிரிப்புகூடப் பழகிய சிரிப்பு. தல்ஹா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். அந்தக் கூடத்தில் இரண்டு ராஜ்யங்களின் தலைவிதி பேசப்பட்டது. அதில் ஒரு வார்த்தை இவன் காதில் விழுந்திருந்தால்தானே? இவன் முஹ்ஸினின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்ஷி பேனாவை மூடி வைத்தார். வாசல்வரை கூட வந்து, "உங்களுக்கு ஆக வேண்டிய காரியம் இங்க இல்ல ஸாஹிப், அங்கதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

முஹ்ஸினிடம் போகத்தான் வேண்டும் என்று தல்ஹாவுக்கும் பட்டது. இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு காலையில் மோட்டார் சத்தம் கேட்டு மரச்சன்னலைத் திறந்தபோது, வெள்ளைக்கொடிகள் மக்கா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இனி அவள் செத்தால் காய்ச்சலால் சாகவில்லை, என் வீம்பால் செத்தாள் என்று வாய்விட்டே சொன்னான். கேட்பதற்குத்தான் வீட்டில் யாருமில்லை.

வண்டிகள் திரும்பி வந்தது ஒரு நடுப்பகல், லுஹர் தொழுகை நேரம். சமாதானம் எதுவும் கையில் வரவில்லை. சுல்தான் மரியாதையாகப் பேசினார், மன்னரும் மரியாதையாகப் பேசினார், பீரங்கிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெண்கள் சிலர் மட்டும் வந்திருந்தார்கள். முஹ்ஸின் வீட்டு வாசலில் குழந்தையோடு இறங்கினவள் பஹீஜாதான் என்று தெருவில் யாரோ சொன்னது காதில் விழ, தல்ஹா தலைப்பாகைகூட இல்லாமல் ஓடினான்.

பெண்கள் மேல்மாடிக்குப் போய்விட்டிருந்தார்கள், முஹ்ஸினின் அக்காவிடம். கூடத்தில் பழைய கூட்டம்தான். மௌலவி எழுந்து தல்ஹாவைக் கட்டிக்கொண்டு, மனைவியும் மகளும் பத்திரம், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொன்னார். தல்ஹாவுக்குக் கண்ணீர் முட்டியது. அந்தக் கண்ணீரோடேயே பாழாய்ப்போன கேள்வியும் வந்துவிட்டது. அவளை ஏற்றி வரச் சொல்லி யார் கேட்டார்கள்?

மௌலவி முஹ்ஸினைப் பார்த்தார். முஹ்ஸின் தரையைப் பார்த்தான்.

"யாரும் கேட்காத பெயரை வீட்டுக்காரர் தானாகச் சேர்க்கக் கூடாதாம். அதனால் புறப்படுவதற்கு முந்தின நாள், இவர் என் முன்னால் தன் கோப்பையைக் கீழே வைத்தார்" என்றார் மௌலவி.

விருந்து கொடுக்கிறவனே விருந்தாளி முன்னால் கோப்பையை வைப்பதா? அந்த ஊரில் யாரும் அதுவரை செய்யாத காரியம் அது. தல்ஹாவின் முகத்தில் ஈயாடவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. நெஞ்சில் முதலில் வந்து நின்றது நன்றி இல்லை. இதிலும் ஜெயித்துவிட்டானே என்பதுதான். முஹ்ஸின் கஹ்வா ஊற்றிக் கொடுத்தான். தல்ஹா வாங்கிக்கொண்டான்.

அப்போது மாடிப்படியின் திரைக்குப் பின்னாலிருந்து வேலைக்காரி ஸைத்தூனாவின் குரல் வந்தது. சேதி கொண்டுவந்து பழகின கணீர்க் குரல், கூடம் முழுக்கக் கேட்டது.

"தல்ஹா எஜமானுக்குப் பஹீஜாம்மா சொல்லச் சொன்னாங்க. அன்னிக்கு இங்க வந்து மூணு கோப்பை குடிச்சிட்டு ஆட்டிக் காட்டிட்டுப் போனீங்களாமே, கேள்விப்பட்டாங்களாம். 'என்னை முதல் தடவை அவங்க வாப்பா கேட்டு வாங்கினாரு. இப்ப முஹ்ஸின் கேட்டு வாங்கினாரு. கட்டின மனுஷன் ஒரு தடவைகூட என்னைக் கேக்கலையே. கேட்டா வரேன்.' இதைத்தான் சொல்லச் சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மௌலவிகூடக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். தல்ஹா நாலு பக்கமும் பார்த்தான். இத்தனை வருஷமாக அவன் பொறாமைப்பட்டது முஹ்ஸின் கொடுத்ததைப் பார்த்து. கேட்பது தன் வேலை என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வாயில் பெயர் வந்தால்தான் ஆள் நம் பொறுப்பு என்கிற தொழிலைச் செய்துகொண்டு, கட்டினவள் பெயரை ஒரு சபையில் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறான்.

குனிந்து, கோப்பையை முஹ்ஸினுக்கு முன்னால் கம்பளத்தில் வைக்கப் போனான். முஹ்ஸின் சட்டென்று காலை மடக்கி நகர்ந்துகொண்டான்.

"எங்கிட்ட வைக்காதீங்க மச்சான். கொடுக்கிறது நான் இல்ல. முன்னாடியும் நான் இல்ல. அவ சம்மதம்னு எங்கக்கா வந்து சொன்னதுக்கப்புறம்தான் அன்னிக்கு உங்க வாப்பாவைக் குடிக்கச் சொன்னேன்."

இதை ஒருத்தனும் இதுவரை அவனிடம் சொன்னதில்லை. தல்ஹா எழுந்தான். கோப்பை தளும்பாமல் திரைவரை நடந்து போய், முதல் படிக்கட்டில் அதை வைத்தான். கால் மடித்துத் தரையில் உட்கார்ந்தான்.

"பஹீஜா" என்றான். அது திரைக்கு அப்பால் எட்டியிருக்காது. மறுபடி, கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான். "பஹீஜா, உன்னைக் கேக்க வந்திருக்கேன். நான்தான் கேக்கிறேன். வீட்டுக்கு வா."

ஸைத்தூனா படியேறிப் போகும் சத்தம் கேட்டது. மேலே ஒரு குழந்தை சிணுங்கியது. அவன் குழந்தையின் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. கூடத்தில் இருந்தவர்கள் கோப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள். படிக்கட்டிலிருந்து ஏலக்காய் மணம் வந்தது. புது ஏலக்காய்தான். கன்சலிடம் சொன்னது சுத்தப் பொய்.

ஸைத்தூனா இறங்கி வந்தாள்.

"சரின்னுட்டாங்க. ஆனா இப்பக் குடிக்கக் கூடாதாம். அவங்க அங்க எவ்வளவு காத்துக்கிட்டுக் கிடந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியணுமாம். நல்லா ஆறட்டும், ஆறினதைக் குடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுன்னாங்க."

தல்ஹா தலையாட்டினான். ஜித்தாவில் அந்த வெயில் மாதத்தில் எதுவும் சீக்கிரம் ஆறுவதில்லை. படிக்கட்டுக் கல்லே தகித்துக்கொண்டிருந்தது. பின்னால் முஹ்ஸின் வந்து ஒரு அடி தள்ளி உட்கார்ந்தான். தல்ஹா அவனைப் போகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல் நுனியால் கோப்பையைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடாகத்தான் இருந்தது.